மாட்டுண்ணியும் தடுப்பூசியும்

(கனகசெட்டிக்குளத்தில் நடந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் சிலருக்கு ஏமாற்றமாகவே இருக்கும். கடவுள், மதம், சாதி, புராணம் ஆகியவைகளைப் பற்றி ஏதாவது காரசாரமாய்க் கேட்கலாம் என்று வந்திருப்பீர்கள். நாமோ மாட்டின் காதுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணியைப் பற்றிப் பேசப்போகின்றோம். "இதற்கு ஒரு மேடையா?" என்று ஒரு தோழர் நம்மிடமே கேட்டுவிட்டார். பொறுத்துக் கேளுங்கள், உண்ணியைத் தொட்டுப் பேசினால் மற்றதெல்லாம் தானாகவே பின்னால் வருகின்றதா இல்லையா என்று கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

மாலையில் தோழர் ஒருவர் நம்மை இவ்வூர்த் தெருக்கள் வழியாக அழைத்துவந்தார். ஒரு வீட்டு வாசலில் காலித் தொழுவம் ஒன்றைக் கண்டோம். முளைக்குச்சி இருக்கின்றது, கயிறு இருக்கின்றது, மாடு இல்லை. விசாரித்தோம். கணவனை இழந்த அம்மாள் ஒருவர் கடன் வாங்கிக் கலப்பினப் பசு ஒன்று வாங்கியிருந்தார். அதற்குக் காய்ச்சல் கண்டது, தீனி எடுக்கவில்லை, மறுநாள் மூத்திரம் காப்பித் தண்ணீர் நிறத்தில் போயிற்று. கண்ணேறு என்று ஒருவர் சொல்ல, மூன்று நாள் மந்திரித்து விபூதி போட்டார்கள். பிறகு கால்நடை மருந்தகத்துக்கு ஓடினார்கள். அன்று அங்கே டாக்டர் இல்லை. அய்ந்தாம் நாள் மாடு செத்தது. மாடு போய்விட்டது, கடன் மட்டும் நிற்கின்றது.

இதில் அந்த அம்மாளைக் குற்றம் சொல்ல நாம் வரவில்லை. முதல் நாளே இரத்தத்தைச் சோதித்து ஊசி போட்டிருந்தால் பெரும்பாலும் பிழைக்கக்கூடிய நோய் அது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? அந்த நோயைக் கொண்டுவருவது மாட்டின் மேல் தினமும் அவர் கண்ணால் கண்டுகொண்டிருந்த உண்ணிதான் என்றாவது யார் சொன்னார்கள்? பசுவின் பெருமையைச் சொல்ல மாத்திரம் நாட்டில் ஆளுக்குக் குறைவில்லை. பசு தெய்வமாம்; அதன் உடம்பில் முப்பத்து முக்கோடித் தேவர்களும் குடியிருக்கின்றார்களாம். அவ்வளவு தேவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிற இடத்தில் உண்ணிக்கு எப்படி இடம் கிடைத்தது என்று கேட்கின்றோம். முப்பத்து முக்கோடி பேரில் ஒருவராவது அதைத் தட்டிவிடக் கூடாதா? மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் பூசி, மாலை போட்டு, விழுந்து கும்பிடுகிறவர்கள், அலைதாடியை ஒரு தடவை தூக்கிப் பார்த்தால் பூசை நிஜமாகவே பசுவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

நிற்க, உண்ணியின் கதையைச் சொல்லுவோம். நம் மாடுகளைப் பிடிக்கும் உண்ணி ஒரே சாதியல்ல. பல வகை உண்டு. அவைகளில் மிகவும் கெட்டது ஒரே மாட்டின் மேலேயே தன் வாழ்நாளைக் கழிக்கும் வகை. புல் நுனியில் காத்திருக்கும் கடுகிலும் சிறிய குஞ்சு, மேய வரும் மாட்டின் மேல் தொற்றிக்கொள்ளும். ஏறக்குறைய மூன்று வாரம் அங்கேயே இருந்து, சட்டை உரித்து, வளர்ந்து, இணைசேர்ந்து, கடைசி ஒரு நாளில் வயிறு புடைக்க இரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழும். நீங்கள் ஆமணக்குக் கொட்டை போல் பார்க்கிறீர்களே, அது அந்தக் கடைசி நாள் பெண் உண்ணி. அது மண்ணில் புகுந்து 2,000 முதல் 3,000 முட்டை வரை இட்டுவிட்டுச் சாகும். நூறு உண்ணி விழுந்தால் குறைந்தது 2 லட்சம் முட்டை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இரத்தம் போவது ஒரு நஷ்டம். பால் குறைவது ஒரு நஷ்டம். தோல் ஓட்டையாவது ஒரு நஷ்டம். இவை எல்லாவற்றிலும் பெரிய நஷ்டம், உண்ணியின் எச்சில் வழியே மாட்டின் இரத்தத்தில் புகும் நோய்க் கிருமிகள். அந்த அம்மாளின் மாட்டைக் கொன்றது அதுதான்.

(இந்த இடத்தில் ஒரு தோழர், "இரத்தம் உறிஞ்சுகிறவர்களுக்கு உவமையாகச் சொல்லுங்கள்" என்றார்.) உவமை சொல்ல நமக்கும் தெரியும், தோழரே. ஆனால் இன்றைக்கு உண்ணி உண்ணியாகவே இருக்கட்டும். உவமையினால் மாடு பிழைக்காது.

உண்ணியே நோயைக் கொண்டுவருகிறது என்பது எப்படித் தெரிந்தது என்பது கவனிக்க வேண்டிய சங்கதி. அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கத்து மாடுகளை வடக்கே ஓட்டிக்கொண்டு போனால், ஓட்டிப்போன மாடுகள் நன்றாகவே இருக்கும். அவை நடந்த புல்வெளியில் மேய்ந்த வடக்கத்தி மாடுகள் இரத்த மூத்திரம் போய்ச் சாகும். மாடு மேய்ப்பவர்கள், "இது உண்ணியால் வருகிறது" என்று வெகு காலமாய்ச் சொல்லிவந்தார்கள். படித்தவர்கள் சிரித்தார்கள். தியோபால்ட் ஸ்மித் என்கிற விஞ்ஞானி மாத்திரம் சிரிக்கவில்லை, சோதித்துப் பார்த்தார். தெற்கத்தி மாட்டின் மேலுள்ள உண்ணிகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிவிட்டு வடக்கத்தி மாடுகளோடு விட்டார், நோய் வரவில்லை. மாடே இல்லாமல் உண்ணிகளை மட்டும் புல்வெளியில் தூவி வடக்கத்தி மாடுகளை விட்டார், நோய் வந்தது. 1893இல் ஸ்மித்தும் கில்பர்னும் இதை வெளியிட்டார்கள். கொசு மலேரியாவைப் பரப்புகிறது என்பதற்கு ரொனால்ட் ராஸ் 1897இல் நம் செக்கந்தராபாத்தில் அத்தாட்சி காண்பதற்கு 4 வருஷத்துக்கு முந்தி நடந்தது இது. மாடு மேய்க்கிறவன் சொன்னான் என்பதற்காக ஸ்மித் நம்பவுமில்லை, மாடு மேய்க்கிறவன்தானே சொன்னான் என்பதற்காகத் தள்ளவுமில்லை. நம் நாட்டில் மாடு மேய்க்கிறவன் பேச்சை யாராவது சோதிக்கத் தகுந்ததாக எண்ணியதுண்டா? அவனை வாசற்படிக்கு அப்பால் நிறுத்தி வைத்துவிட்டு, பாலை மட்டும் உள்ளே வாங்கிக்கொண்டோம்.

சரி, உண்ணியை ஒழிப்பது எப்படி? இப்போது நடப்பது விஷ மருந்து. தண்ணீரில் கலந்து மேலே தெளிக்கிறார்கள், தேய்க்கிறார்கள், சிலதை ஊசியாகவும் போடுகிறார்கள். முதல் இரண்டு வருஷம் உண்ணி கொத்துக் கொத்தாய் விழும். பிறகு விழாது. மருந்தில் கலப்படம் என்று கடைக்காரரைத் திட்டுவீர்கள். கலப்படமும் இருக்கலாம். ஆனால் நடப்பது வேறு. ஆயிரம் உண்ணியில் அந்த விஷத்துக்குத் தாக்குப்பிடிக்கும் பத்து இருக்கும். மருந்து தொள்ளாயிரத்துத் தொண்ணூறைக் கொன்றுவிட்டு, அந்தப் பத்துக்கும் போட்டியில்லாமல் செய்துவிடுகிறது. அடுத்த தலைமுறை முழுவதும் அந்தப் பத்தின் பிள்ளைகள். உடனே அளவை இரட்டிப்பாக்குகிறோம். விஷம் பாலில் இறங்குகிறது, தெளிக்கிறவரின் கையில் இறங்குகிறது. உண்ணி மட்டும் சுகமாய் இருக்கின்றது.

இங்கே வைதிக நண்பர்கள் குறுக்கிட்டு, "நாட்டுப் பசுவுக்கு உண்ணி அதிகம் பிடிப்பதில்லை பார்த்தாயா, அதுதான் அதன் புனிதம்" என்பார்கள். நாட்டு மாட்டுக்குச் சீமை மாட்டைவிட உண்ணியைத் தாங்கும் சக்தி அதிகம் என்பது மெய்தான். ஆயிரக்கணக்கான வருஷமாய் உண்ணியோடு போராடி, தாங்காதது செத்து, தாங்கியது மிஞ்சி வந்த இனம் அது. இதில் புனிதம் எங்கே வந்தது? அமெரிக்காக்காரன் இந்திய மாடுகளைக் கொண்டுபோய்ச் சேர்த்து ஒரு புது இனம் உண்டாக்கினான். அந்த இனத்துக்கு அவன் வைத்த பெயர் என்ன தெரியுமா? பிராமன்! ஆஸ்திரேலியாக்காரன் 1933இல் அமெரிக்காவிலிருந்து அந்த பிராமன் மாடுகளை இறக்குமதி செய்துகொண்டான், வெயிலையும் உண்ணியையும் தாங்கும் என்று. பிரேசிலில் நம் நெல்லூர்ப் பெயரால் நெலோர் என்றே ஒரு மாட்டினம் நாடெங்கும் இருக்கின்றது. அவர்கள் அவைகளைக் கும்பிடுவதற்காக வளர்க்கவில்லை, தின்பதற்காக வளர்க்கிறார்கள். கும்பிடாதவன் கையில்தான் நம் மாட்டின் குணம் பயன்பட்டது.

இனித் தடுப்பூசிக்கு வருவோம். இவ்வூர் 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த ஊர் ஆனபடியால், பெரியவர்கள் சிலருக்கு அந்தப் பாஷை கொஞ்சம் தெரிந்திருக்கும். பசுவுக்குப் பிரெஞ்சில் வாஷ் என்று பெயர். தடுப்பு மருந்துக்கு வாக்சேன். இரண்டும் பசுவைக் குறிக்கும் ஒரே லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. 1796இல் ஜென்னர் என்கிற ஆங்கில வைத்தியர் பசுவின் அம்மைப் பாலை எடுத்து மனிதனுக்குக் குத்திப் பெரியம்மையைத் தடுத்தார். அதனால் வந்த பெயர். பெரியம்மையை நாம் மாரியாத்தாள் என்று சொல்லிக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தோம். 1980இல் அந்த நோயே உலகத்தில் இல்லை என்று அறிவிக்கப்பட்டது. பசுவால் மனிதனுக்கு வந்த உபகாரத்தில் இதற்கு ஈடு வேறில்லை. ஆனால் பசுவின் மகிமை பாடுகிற எந்தப் பிரசங்கியும் இதைச் சொல்லி நாம் கேட்டதில்லை.

அதே பிரெஞ்சுக்காரரில் பாஸ்டர் என்பவர் 1881இல் அடைப்பான் நோய்க்கு ஊசி கண்டுபிடித்து, ஊரைக் கூட்டிப் பந்தயம் கட்டினார். 24 செம்மறிகளுக்கு ஊசி போட்டார். 24 செம்மறிகளுக்குப் போடவில்லை. பிறகு எல்லாவற்றிற்கும் நோய்க் கிருமியைச் செலுத்தினார். குறித்த நாளில் ஜனங்கள் வந்து பார்த்தபோது ஊசி போட்டவை மேய்ந்துகொண்டிருந்தன. போடாதவை செத்துக் கிடந்தன, மிச்சமிருந்த இரண்டொன்றும் அன்றைக்குள் செத்தன. நம் ஊர் மந்திரவாதி யாராவது இப்படி ஒரு பந்தயத்துக்கு வருவாரா? பாதி மாட்டுக்கு மந்திரிக்கட்டும், பாதியை விட்டுவிடட்டும், எண்ணிப் பார்ப்போம். அதைக் கேட்டால் மட்டும், நம்பிக்கை இல்லாதவன் எதிரில் மந்திரம் பலிக்காது என்பார்.

உண்ணிக்குத் தடுப்பூசி என்றால், கிருமிக்குப் போடுவது போல் அவ்வளவு லேசல்ல. உண்ணி கிருமி அல்லவே. எட்டுக் கால் உள்ள ஒரு பிராணி. 1939இல் டிரேகர் என்பவர் கினிப் பன்றிகளின் மேல் உண்ணியை விட்டுப் பார்த்தார். ஒரு தடவை கடிபட்ட பிராணியின் மேல் மறுதடவை விட்ட உண்ணிகளால் சரியாய் இரத்தம் குடிக்க முடியவில்லை. அதாவது, உடம்பு உண்ணியை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. ஆனால் மாட்டின் உடம்புக்குத் தெரிவது உண்ணியின் வாயும் எச்சிலும் மட்டுமே. அந்த எச்சிலோ உடம்பின் காவலை ஏமாற்றுவதில் கைதேர்ந்தது. ஆகவே ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் வேறு வழியில் யோசித்தார்கள். திருடன் முகமூடி போட்டுக்கொண்டு வருகிறான். அவன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று காவற்காரனுக்குக் காட்டிவிட்டால் என்ன? உண்ணிகளை அரைத்து, பிரித்துப் பிரித்துச் சோதித்து, அதன் குடலின் உட்சுவரில் இருக்கும் புரதம் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். பி.எம். 86 என்று அதற்குப் பெயர், 1989இல் வெளியிட்டார்கள். அதை நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரித்து மாட்டுக்கு ஊசி போட்டால், மாட்டின் இரத்தத்தில் அதற்கு எதிர்ப்புப் பொருள் ஊறுகிறது. உண்ணி வழக்கம்போல் வந்து இரத்தத்தைக் குடிக்கும். இரத்தத்தோடு காவற்காரனும் அதன் வயிற்றுக்குள் போய்விடுவான். குடற்சுவர் சிதைந்து போகும். குடித்த இரத்தம் உண்ணியின் உடம்பெங்கும் கசியும். சில செத்துவிழும், விழாதவை முழுதாய்க் குடிக்கமாட்டா, குடித்தவையும் முட்டையைக் குறைவாய் இடும்.

இந்த ஊசி 1993இல் கியூபாவில் பதிவாயிற்று. ஆஸ்திரேலியாவில் 1994இல் விற்பனைக்கு வந்தது. உடனே கைதட்டிவிடாதீர்கள். நாம் வைத்தியம் விற்க வந்தவர்கள் அல்ல. ஊசியையும் ஒரு தாயத்தாக உங்கள் கையில் கட்டிவிட நமக்கு இஷ்டமில்லை. ஊசி போட்ட மறுநாள் மாட்டின் மேல் உண்ணி இருக்கும். அதற்கடுத்த வாரமும் இருக்கும். குறைவது அடுத்த தலைமுறை உண்ணி, அதற்கடுத்த தலைமுறை உண்ணி. எதிர்ப்புப் பொருள் சில மாதத்தில் தேய்ந்துபோவதால் திரும்பத் திரும்பப் போடவேண்டும். எல்லா வகை உண்ணிக்கும் ஒன்றுபோல் வேலை செய்யாது. அர்ஜென்டினாவில் ஒரு வகை உண்ணிக்கு அந்தப் புரதம் சரிப்படாமல், அங்கத்து உண்ணியிலிருந்தே வேறு ஒன்றை எடுக்க வேண்டியதாயிற்று.

இப்படிப்பட்ட ஒரு சாமான் இரண்டு தேசங்களில் என்ன கதியடைந்தது என்று பாருங்கள். ஆஸ்திரேலியாவில் அதை வியாபாரத்துக்கு விட்டார்கள். பரந்த வெளியில் மேயும் மாடுகளை வருஷத்துக்குப் பல தடவை வளைத்துப் பிடித்து ஊசி போடுவது தனித்தனி முதலாளிக்குக் கட்டுபடியாகவில்லை. பிற்பாடு விற்பனையே நின்றுபோயிற்று. கியூபாவிலோ சர்க்கார் எடுத்து நடத்தினார்கள். லட்சக்கணக்கான கறவை மாடுகளுக்கு ஒரே திட்டமாய், விஷ மருந்தையும் அளவோடு சேர்த்து, உண்ணியை எண்ணிக் கணக்கு வைத்துப் போட்டார்கள். விஷ மருந்துச் செலவு பாதிக்கு மேல் குறைந்தது. ஊசி ஒன்றுதான், போட்ட விதம் வேறு.

இந்தியாவில் என்ன நடக்கிறது? பரேலிக்குப் பக்கத்தில் இஜத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் நம் நாட்டு உண்ணிகளை வளர்த்து, பி.எம். 86ஐயும் வேறு பல புரதங்களையும் மாடுகளின் மேல் சோதித்திருக்கிறார்கள். நம் உண்ணிக்குப் பி.எம். 86 தந்த பலன் நூற்றுக்கு அய்ம்பதை எட்டவில்லை. உண்ணி பரப்பும் தைலேரியா என்கிற நோய்க்கு மட்டும் ஹைதராபாத்தில் ஒரு தடுப்பூசி தயாரித்தார்கள். அது நோய்க்கு, உண்ணிக்கு அல்ல. உண்ணிக்கு என்று நம் விவசாயி வாங்கக்கூடிய தடுப்பூசி இன்று வரை இந்நாட்டில் விற்பனைக்கு வரவில்லை. அய்ம்பதை எட்டாத ஊசி எதற்கு என்று கேட்பீர்கள். முன்னே சொன்ன கணக்கை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். 2 லட்சம் முட்டை 1 லட்சமாகி, அடுத்த முறை அதிலும் பாதியாகுமானால், ஊர் மேய்ச்சல் நிலம் ஒரு வருஷத்தில் எப்படியிருக்கும்? ஆனால் இந்தக் கணக்கு பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. ஊரிலுள்ள அத்தனை மாட்டுக்கும் போடவேண்டும்.

இங்கேதான் தோழர்களே, நாம் வழக்கமாய்ப் பேசுகிற விஷயம் தானாக வந்துவிட்டது. பணக்காரர் தம் வீட்டு மாட்டுக்கு மட்டும் ஊசி போட்டுக்கொண்டால் என்ன ஆகும்? ஊசி போடாத மாட்டிலிருந்து விழுந்த உண்ணியின் குஞ்சு அதே புல்லில் காத்திருக்கும். ஊர் மாடும் காலனி மாடும் ஒரே தரிசில்தான் மேய்கின்றன. தண்ணீர்த் தொட்டியைப் பிரித்து வைத்தீர்கள், சுடுகாட்டைப் பிரித்து வைத்தீர்கள். புல்லைப் பிரிக்க முடிந்ததா? காலனி மாட்டில் பிறந்த உண்ணி ஊர் மாட்டின் மேல் ஏறும்போது தீட்டு என்று இறங்கிவிடுகின்றதா? அதுபோலவே உண்ணிக்கு எல்லைக் கல்லும் தெரியாது. நான்கு அடி வடக்கே போனால் விழுப்புரம் மாவட்டம், இந்தப் பக்கம் புதுச்சேரி. இங்கே ஒரு சர்க்கார், அங்கே ஒரு சர்க்கார். மாடு இரண்டிலும் மேய்கிறது.

இது ஆகாத காரியம் என்று சொல்லாதீர்கள். வெக்கை நோய் என்று ஒன்று இருந்ததைத் தாத்தாமார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வந்தால் தொழுவம் தொழுவமாய்க் காலி. அதற்கு ஊர் எல்லையில் பொங்கல் வைத்தோம், கிடா வெட்டினோம், அது போகவில்லை. இராணிப்பேட்டையில் 1932இல் சீரம் நிலையம் வைத்தார்கள். முக்தேசுவரத்திலும் இஜத்நகரிலும் ஆராய்ச்சி செய்தார்கள். 1954 முதல் தேசம் முழுவதும் வீடு வீடாய்ப் போய் ஊசி போட்டார்கள், எந்தச் சாதிக்காரன் மாடு என்று கேளாமல். 2011இல் அந்நோய் உலகத்திலேயே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். கோமாரி நோய்க்கு 2019 முதல் மத்திய சர்க்கார் செலவில் மாடுகளுக்கெல்லாம் ஊசி போடும் திட்டம் இருக்கின்றது. ஆகையால் வழி தெரியாதது அல்ல. குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கின்றது. கொசு முதலியவைகளை ஆராயும் நிலையம் 1975 முதல் புதுச்சேரியிலேயே இருக்கின்றது. கூப்பிடு தூரத்தில் காலாப்பட்டில் பல்கலைக்கழகம் இருக்கின்றது. இவ்வளவுக்கும் நடுவில் ஒரு கலப்பினப் பசு விபூதியோடு செத்தது.

"கோமாதாவுக்கு ஊசி குத்துவது பாவமில்லையா?" என்று ஒரு சீட்டு வந்திருக்கிறது. ஒரு மாட்டின் மேல் நூற்றுக்கணக்கான உண்ணி இராப்பகலாய்க் குத்திக்கொண்டிருப்பது பாவமாய்த் தோன்றாதவருக்கு, வருஷத்தில் சில தடவை குத்தும் ஊசி மட்டும் பாவமாய்த் தோன்றினால் அவருக்கு நாம் என்ன சொல்ல முடியும்? இன்னொரு சீட்டு, "பாட்டி காலத்து வசம்பும் வேப்பெண்ணெயும் போதாதா?" என்கிறது. இது நல்ல கேள்வி. பழையது என்பதற்காக வாழவைக்கவும் வேண்டாம், சாகடிக்கவும் வேண்டாம். நான்கு மாட்டுக்குத் தடவுங்கள், நான்கு மாட்டை விட்டுவிடுங்கள், பத்து நாள் கழித்து உண்ணியை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கையைத் தாளில் எழுதி வையுங்கள். பலன் இருந்தால் நாமே அடுத்த வாரம் நம் பத்திரிகையில் போடுகிறோம்.

ஊசி வரும் வரை சும்மா இருக்கவேண்டியதில்லை. தொழுவத்துச் சுவர் வெடிப்புகளை மண் பூசி அடையுங்கள். சில வகை உண்ணி அங்கேதான் முட்டையிடுகிறது. காது, அலைதாடி, மடி, வால் அடி ஆகிய இடங்களைத் தினம் தடவிப் பாருங்கள். பிடுங்கிய உண்ணியைத் தரையில் எறியாதீர்கள், எறிந்தால் முட்டையிடும். நெருப்பில் போடுங்கள். விஷ மருந்தை டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் கலக்காதீர்கள், குறைத்தும் கலக்காதீர்கள். காய்ச்சலோடு மூத்திரம் நிறம் மாறினால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

மேஜை மேல் ஒரு மனு வைத்திருக்கின்றோம். அதில் நான்கு கோரிக்கைகள்: இப்பக்கத்து மருந்தகத்தில் எல்லா நாளும் டாக்டர் இருக்கவேண்டும், இரத்தம் சோதிக்க வசதி வேண்டும், நம் பக்கத்து உண்ணிகளைக் கல்லூரியார் வந்து எடுத்துப்போய் எந்த மருந்துக்குச் சாகிறது, எதற்குச் சாகவில்லை என்று சோதித்துச் சொல்லவேண்டும், தடுப்பூசிச் சோதனை நடக்கும்போது இப்பகுதி மாடுகளையும் அதில் சேர்க்கவேண்டும். ஊர்த் தெருவிலும் காலனியிலும் மாடு வைத்திருக்கும் அத்தனை பேரும், அந்த அம்மாள் உட்பட, ஒரே தாளில் கையெழுத்துப் போடவேண்டும். இரண்டு தாள் வேண்டும் என்று யாரோ கேட்டதாகக் காதில் விழுந்தது. ஒரு தாள்தான் கொண்டுவந்திருக்கின்றோம்.